பழத்தைப் ‘பயம்’ என்ற பையன்: குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு பேச்சுக் கேஸ்

போன ஜூன் மாதம், பள்ளி திறந்த இரண்டாவது சனிக்கிழமை. குடியாத்தத்திலிருந்து ஓர் அம்மா, அவருடைய மாமியார், ஒன்பது வயதுப் பையன் என்று மூன்று பேர் வேலூரில் உள்ள என் அறைக்கு வந்தார்கள். நான் இங்கே ஸ்பீச் தெரபிஸ்ட். பையன் படிக்கும் தனியார் பள்ளியிலிருந்து ஒரு தாள் கொடுத்தனுப்பியிருந்தார்கள். ‘ழகரம் வரவில்லை. பேச்சு கொச்சையாக உள்ளது. வகுப்பில் வாய் திறப்பதில்லை. ஸ்பீச் தெரபி தேவை.’ நாலே வரி. நான் முதல் வரியைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது வரிதான் கேஸ் என்று புரிய எனக்கு மூன்று வாரம் ஆனது.

இதை எழுதக் குடும்பத்தார் சம்மதம் தந்திருக்கிறார்கள். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

பிறப்பில் சிக்கல் எதுவும் இல்லை. ஒரு வயதில் முதல் சொல், இரண்டு வயதில் சின்னச் சின்ன வாக்கியம், எல்லாம் அந்தந்தக் காலத்தில் வந்திருக்கின்றன. அம்மா ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை. விடிந்ததும் கம்பெனி பஸ் வந்துவிடும். அப்பாவுக்கு லுங்கித் தறி. ஆகவே பையனை வளர்த்தது ஆயாதான். எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். அவர் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் பீடி சுற்றுவார், இவன் பக்கத்திலேயே உட்கார்ந்து கதை கேட்பான். அவன் நாக்கில் இருப்பது ஆயாவின் தமிழ்.

சோதனை

இரண்டு காதும் நன்றாகக் கேட்கின்றன. உதடு, நாக்கு, அண்ணம் எதிலும் குறை இல்லை. திக்கல் இல்லை. அடுத்து படம் காட்டிப் பெயர் கேட்கும் சோதனை. வாழைப்பழத்தைக் காட்டினேன், ‘வாயப்பயம்’ என்றான். மழை ‘மய’. கோழி ‘கோயி’. கிழவி ‘கியவி’. ஏழு என்ற எண்ணைக் காட்டினேன், ‘ஏயு’. ஒவ்வொன்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான். என் பேனா படிவத்தில் தானாக ஓடியது: ழ வர வேண்டிய இடத்தில் ய, ஐந்துக்கு ஐந்து. பயிற்சிக்கு எத்தனை வாரம் என்று மனசுக்குள் கணக்குக்கூடப் போட்டுவிட்டேன்.

அவனைச் சகஜமாக்கலாம் என்று ஏதாவது பாடச் சொன்னேன். மாட்டேன் என்று தலையாட்டினான். சரி, காலைப் பிரார்த்தனையில் பாடுவீர்களே, தமிழ்த்தாய் வாழ்த்து, அதைப் பாடு என்றேன். எழுந்து நின்றான். மனோன்மணியம் சுந்தரனாரின் அந்த வாழ்த்தில் முதல் அடியிலேயே ‘எழிலொழுகும்’ என்று இரண்டு ழகரம் அடுத்தடுத்து வரும். பெரியவர்களே அங்கே வழுக்குவார்கள். இவன் கையை உடம்போடு ஒட்டிவைத்து, கண்ணை மூடி, இரண்டையும் நாக்கை மடித்து முழுசாகச் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த அம்மாவே நிமிர்ந்து பார்த்தார்.

அப்படியென்றால் நாக்குக்கு ழ தெரியும். மறுபடி படங்களை எடுத்தேன். இந்த முறை ள வரும் சொற்களைக் கலந்து கேட்டேன். பள்ளி பள்ளியாகவே வந்தது. வாளி வாளிதான், தேள் தேள்தான். ய ஆனது ழ மட்டுமே, அதுவும் பேசும்போது மட்டுமே. கோளாறு பல குழந்தைகளிடம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறும். ஒரு வார்த்தையில் வரும், அடுத்ததில் வராது, களைத்தால் கூடும். இவனிடம் ஒரு சொல்கூடப் பிசகவில்லை. இது விதி. பாலாற்றின் இரு கரையிலும் பல தலைமுறையாகப் புழங்கும் பேச்சு விதி. பாட்டுக்கும் படிப்புக்கும் ஒரு உச்சரிப்பு, வீட்டுக்கு இன்னொன்று என்று பிரித்து வைத்துக்கொள்ளும் அளவுக்கு ஒன்பது வயதிலேயே காது கூர்மையாக இருக்கிற குழந்தை அவன்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் உறைத்தது. பையனுடைய அம்மா ‘வாளப்பளம்’ என்கிறார். அவனுடைய டீச்சர் தென்மாவட்டத்துக்காரர், அவரும் ‘பளம்’தான் என்று பிற்பாடு தெரிந்தது. ‘பளம்’, ‘பயம்’ இரண்டுமே ழகரத்தை விட்டு விலகியவைதானே? ஆனால் ‘பளம்’ என்று சொல்லும் குழந்தைகளை நான் வழக்குப் பேச்சு என்று எத்தனையோ முறை விட்டிருக்கிறேன். ‘பயம்’ என்றதும் பேனாவை எடுத்தேன். நான் பிறந்தது ராணிப்பேட்டையில். என் அத்தைமார்கள் எல்லோருக்கும் பழம் ‘பயம்’தான். அந்த வீட்டில் வளர்ந்த என் காதுக்கே அது குறையாகக் கேட்கிறது என்றால், இடையில் யாரோ என் காதைப் பழக்கியிருக்கிறார்கள்.

அவனுடைய மற்றப் பேச்சும் அப்படித்தான். இருக்கிறது என்பது தேய்ந்து ‘கீது’. கொண்டு என்பது தெற்கே ‘கிட்டு’ ஆனது, இங்கே ‘கினு’ ஆனது. இழுத்துக்கொண்டு வந்தான் என்பதை ‘இஸ்துகினு வந்தான்’ என்பார்கள். உட்காருவது ‘குந்துவது’, அப்புறம் என்பது ‘அப்பால’, கொஞ்சம் என்பது ‘ரவ’. ஆற்காடு நவாபுகளின் ஊர் ஆனதால் உஷாரும் பேஜாரும் ஜல்தியும் நாஷ்டாவும் உருதிலிருந்து வந்து தங்கின. சித்தூர் 1911இல் தனி மாவட்டமாகும் வரை வட ஆற்காட்டுக்குள்தான் இருந்தது. அதனால் நைனாவும் டப்பும் தெலுங்கிலிருந்து வந்தன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. துட்டு டச்சுக்காரர்களின் காசுப் பெயர். திட்டுவதற்கென்றே இருப்பதாக எல்லோரும் நினைக்கும் கஸ்மாலம்கூட அழுக்கைக் குறிக்கும் வடசொல்தான். இவற்றில் பலவற்றை ‘மெட்ராஸ் பாஷை’ என்று சொல்லிவிடுகிறார்கள். மெட்ராசுக்கு ரிக்‌ஷா இழுக்கவும் மூட்டை தூக்கவும் போனவர்களில் கணிசமானவர்கள் வட ஆற்காட்டிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் போனவர்கள். பேச்சையும் கூடவே கொண்டுபோனார்கள். அந்த நகரத்தின் பேர் அதற்கு ஒட்டிக்கொண்டது.

ஆண்டு விழா

மூன்றாவது சனிக்கிழமை வரை பையன் என்னிடம் பத்து வாக்கியத்துக்கு மேல் பேசியிருக்க மாட்டான். அன்றைக்கு அவன் தண்ணீர் குடிக்க வெளியே போன நேரம் பார்த்து ஆயா என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

பிப்ரவரியில் பள்ளி ஆண்டு விழா. தொலைக்காட்சிக் காமெடி நிகழ்ச்சி ஒன்றின் மாதிரியில் ஒரு கோர்ட் நாடகம் போட்டிருக்கிறார்கள். நீதிபதி, வக்கீல், டாக்டர், ஒரு பிக்பாக்கெட். பிக்பாக்கெட் வேடத்துக்கு இவனைத் தேர்ந்தெடுத்த டீச்சர் வசனம்கூட எழுதித் தரவில்லை. “நீ எப்படிப் பேசுவியோ அப்படியே பேசு, அதுவே போதும்” என்றாராம். கழுத்தில் ஒரு கைக்குட்டை, இடுப்பில் கட்டம் போட்ட லுங்கி. அந்த லுங்கி அவன் அப்பா தறியில் நெய்தது. வீட்டிலிருந்து எடுத்து வரச் சொன்னதும் நல்லதாகப் பார்த்து அவரே மடித்துக் கொடுத்திருக்கிறார்.

“நா இன்னா சார் பண்ணேன், சொம்மா குந்திகினு இருந்தேன்” என்று இவன் வாயைத் திறந்ததும் அரங்கமே சிரித்திருக்கிறது. வக்கீலாக வந்த பையன் பேசியது செய்தி வாசிப்பவர் தமிழ். நீதிபதி பேசியது அதைவிடச் சுத்தம்.

“அவன் பேசனது அப்டியே என்னிய மாறி இருந்துச்சுமா. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அப்பால வூட்டுக்கு வந்து பாத்தா அவன் மூஞ்சியே செரியில்ல. மறுநாள்லேந்து இஸ்கூல்ல பேசறதில்லியாம்” என்றார் ஆயா. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுக் கேட்டார்: “இன்னாமா, நாம பேசறது திருடன் பேசற மாறியா கீது?”

கோப்பில் முதல் பக்கத்தில் நான் எழுதியிருந்த குறிப்பை அன்று அடித்தேன். உச்சரிப்புக் கோளாறு இல்லை, வட்டார வழக்கு. ஆண்டு விழாவுக்குப் பின் வகுப்பறையில் மட்டும் பேச்சு நின்றிருக்கிறது. வீட்டிலும் தெருவிலும் பேசுகிறான். வேலை செய்ய வேண்டிய இடம் நாக்கு இல்லை என்பது முடிவாயிற்று.

ஒரு மாலை நேரம்

ஜூலையில் ஒருநாள் அவர்கள் வீட்டுக்கே போனேன். குழந்தை எந்தப் பேச்சுக்கு நடுவில் வளர்கிறது என்று பார்க்காமல் இப்படிப்பட்ட கேஸில் எதுவும் சொல்ல முடியாது. 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த பெட்டி பரணில் துணி போர்த்திக் கிடந்தது. சுவரில் இப்போது தட்டையான பெரிய டிவி. ஆறு மணிக்குப் போட்டால் படுக்கும்வரை அணைப்பதில்லை என்றார்கள். நான் ஆயாவோடு பாயில் உட்கார்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் பார்த்தேன். நோட்டில் ஒரே ஒரு கேள்வியைத்தான் எழுதி வைத்திருந்தேன்: யார் யாருக்கு எந்தத் தமிழ்?

தொடர்களில் மாமியார், மருமகள், வில்லி, மூத்த அண்ணன், கம்பெனி முதலாளி எல்லோருக்கும் ஒரே தமிழ். எந்த ஊர் என்று சொல்ல முடியாத படித்தவர் பேச்சு. ஓர் அடியாள் வந்தான், ‘இன்னாடா’ என்றான். மீன் விற்கும் அம்மா ஒருவர் வாசலில் வந்து சத்தம் போட்டார், ‘கீது’ என்றார். நடுவில் ஒரு காமெடித் துணுக்கில் வட்டிக்கடைச் சேட்டு வந்து ‘நம்பள்கி நிம்பள்கி’ என்றார். ஆயா எதையும் விட்டுவைக்காமல் சிரித்தார். பையன் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு டிவிக்குத் திரும்பிக்கொண்டான்.

இதில் நான் எதிர்பாராத விஷயம் ஒன்று உண்டு. டிவியில் வரும் ‘கீது’ பொய்யான ‘கீது’ என்று சொல்லத்தான் நான் தயாராகப் போயிருந்தேன். கேட்டுப் பார்த்தால் சொல் சரியாகவே இருந்தது, உச்சரிப்பும் பெரும்பாலும் சரி. காணாமல் போயிருந்தது மரியாதை. அன்று மாலை முழுக்க அந்தப் பேச்சு வந்த இடமெல்லாம் சண்டை, மிரட்டல், பேரம். எனவே வந்த வடிவமெல்லாம் ‘டா’, ‘டீ’, ‘நீ’, ‘வா’, ‘போ’. அதே நேரத்தில் இந்தப் பக்கம் பாயில் என்ன நடந்தது? நான் உள்ளே நுழைந்ததும் ஆயா சொன்னது, “வாங்கம்மா, குந்துங்க. ரவ மோர் சாப்டறீங்களா?” பக்கத்து வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்து மகன் எங்கே என்று கேட்டதற்குச் சொன்னது, “தோ, உள்ள துன்னுகினு கீறாருங்க.” கீறாரு, கீறாங்க, கீறீங்களா, குந்துங்க, வராங்க. இந்தப் பேச்சில் ஒரு முழு மரியாதை வரிசையே இருக்கிறது. பெற்ற மகனையே அடுத்தவர் முன்னால் ‘ஆரு’ போட்டுச் சொல்கிற நயம் இருக்கிறது. அந்த வடிவங்களில் ஒன்றைக்கூட எந்தச் சேனலிலும் எந்த வாயிலிருந்தும் அன்று நான் கேட்கவில்லை.

மதுரையிலோ கோவையிலோ உட்கார்ந்து பார்ப்பவருக்கு இந்தப் பேச்சு எப்படித் தோன்றும்? மரியாதையே இல்லாத பேச்சு என்றுதான் தோன்றும். அவர் கேட்டதெல்லாம் அதன் சண்டைப் பாதி மட்டும். இங்கேயே வளர்கிற குழந்தைக்கும் வீட்டுப் பேச்சைப் பற்றி டிவி சொல்லித் தருவது அந்தப் பாதியைத்தான்.

விளம்பர இடைவேளையில் ஆயா சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டேன்: “எங்கள மாறி பேசறவன் ஒருத்தனாச்சும் இதுல நல்லவனா கீறானா, நீங்களே சொல்லுங்க.”

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். வட்டாரப் பேச்சைச் சிரிப்புக்குக் கொடுக்கும் பழக்கம் டிவி கண்டுபிடித்ததில்லை. எங்கள் தெருக்கூத்தில் ராஜாக்கள் பாட்டும் செந்தமிழ் வசனமுமாக வருவார்கள், கட்டியக்காரன் மட்டும் ஊர்ப் பேச்சில் பேசுவான். திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துகளில் ராத்திரி முழுக்க ஜனம் அவனுக்குத்தான் சிரிக்கும். ஆனால் கட்டியக்காரன் ராஜாவைப் பார்த்து நையாண்டி செய்கிறவன். கீழே மண்ணில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் அவன் பேச்சே பேசுகிறவர்கள், அவன் அவர்களுடைய ஆள். திரையில் அது தலைகீழாகிறது. மெட்ராஸ் பாஷையைச் சினிமாவில் பெரும் புகழுக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவரான சந்திரபாபு தூத்துக்குடிக்காரர். அவர் திறமையில் எனக்கு அளவில்லாத மதிப்பு உண்டு. அவர் அந்தப் பேச்சை நேசித்து எடுத்தார் என்றே நினைக்கிறேன். அவருக்குப் பின்னால் வந்த பலருக்கு அது அலமாரியில் தொங்கும் ஒரு சட்டை. ரவுடி வேடமா, அதை மாட்டு.

காத்திருப்பு அறையில்

ஆகஸ்ட் மாதம் நடந்ததை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் இந்தக் கேஸ் பாதிதான்.

வேலூரில் பெரிய மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ், மெஸ், மருந்துக் கடைப் பலகைகளில் வங்காள எழுத்தைப் பார்க்கலாம். மேற்கு வங்கத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் அவ்வளவு பேர் வைத்தியத்துக்கு வருகிறார்கள். என்னிடமும் வருவார்கள். அன்று பக்கவாதத்துக்குப் பின் பேச்சுப் பயிற்சிக்கு வந்த ஒரு வங்காளப் பெரியவரின் தம்பி, வெளியே காத்திருந்தவர், வேலூரில் கற்றுக்கொண்ட நாலு தமிழ்ச் சொல்லைக் கோத்து மணி என்ன என்று பையனிடம் கேட்டிருக்கிறார். பையன் கழுத்தைச் சாய்த்து, “நம்பள்கி தெரியாது சேட்டு” என்று டிவிச் சேட்டு குரலில் சொல்லிவிட்டுக் கலகலவென்று சிரித்தான். என் அறை வரை கேட்டது. இந்த இரண்டு மாதத்தில் அவன் குரல் அவ்வளவு உரக்க வந்தது அதுதான் முதல் முறை.

மணி கேட்டவர் வங்காளி, அவருக்கும் மார்வாடிக்கும் சம்பந்தம் இல்லை. இந்தி பேசுகிறவர்கூட இல்லை. டிவி பையனுக்குக் கொடுத்திருந்தது ‘வடக்கத்தி ஆள்’ என்ற ஒரே பெட்டி, அதற்கு ஒரே வசனம். அவர் புரியாமல் சிரித்து வைத்தார். எனக்கு வருத்தமாக இருந்தது, ஆனால் பையன் மேல் கோபம் வரவில்லை. பிப்ரவரியில் அவனுக்கு நடந்ததை அவன் வேறொருவருக்குச் செய்து பார்த்தான், அவ்வளவுதான்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. பிரிட்டனில் ஐடிவியில் 1977இல் தொடங்கிய ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ தொடரில் வெளிநாட்டுக்காரர்கள் ஒரு வகுப்பில் ஆங்கிலம் கற்பார்கள். பெரும்பாலும் நாட்டுக்கு ஓர் ஆள், ஆளுக்கு ஒரு பல்லவி. சீக்கியர் ‘ஆயிரம் மன்னிப்பு’ என்பார், ஜப்பானியர் குனிந்துகொண்டே இருப்பார். அமெரிக்கக் கார்ட்டூன் தொடர் ‘தி சிம்ப்சன்ஸ்’ஸில் கடை வைத்திருக்கும் இந்தியர் அப்புவுக்கு 1990 முதல் குரல் கொடுத்தவர் ஹாங்க் அசாரியா என்ற அமெரிக்க நடிகர். அந்தக் குரலைக் காட்டியே தங்களைப் பள்ளியில் கேலி செய்ததை வைத்து, இந்திய வம்சாவளி அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு 2017இல் ஓர் ஆவணப்படமே எடுத்தார். 2020 தொடக்கத்தில் அசாரியா அந்தக் குரலை விட்டு விலகினார். குழந்தைகள் பார்க்கும் அனிமேஷன் படங்களிலும் இதுதான் கதை. ரோசினா லிப்பி-கிரீன் என்ற மொழியியலாளர் டிஸ்னியின் 24 படங்களில் 371 பாத்திரங்களின் பேச்சை எண்ணிப் பார்த்தார். அமெரிக்க ஆங்கிலம் பேசுபவர்களில் ஐந்தில் ஒரு பங்குதான் கெட்டவர்கள், அந்நிய நாக்கோடு பேசுபவர்களில் ஐந்தில் இரண்டு பங்கு.

எனக்கு மறக்காதது இன்னொன்று. பிபிசியில் 1975இல் வந்த ‘ஃபால்டி டவர்ஸ்’ தொடரில் மானுவல் என்ற ஹோட்டல் பணியாள் பார்சிலோனாக்காரர், ஆங்கிலம் புரியாமல் தினமும் அடி வாங்குவார். நடித்தவர் பெர்லினில் பிறந்தவர். ஸ்பெயினில் அதே தொடரை டப் செய்தபோது அவரை இத்தாலிக்காரர் ஆக்கினார்கள். பார்சிலோனாவின் மொழியான கட்டலானில் டப் செய்தபோது மெக்சிகோக்காரர் ஆக்கினார்கள். நடிகர் அதே ஆள், வாங்கும் அடியும் அதே அடி. யாருடைய பேச்சுக்குச் சிரிப்பது என்பது மட்டும் பார்ப்பவர் இருக்கும் ஊரைப் பொறுத்து நகர்கிறது.

அன்று பையனை உள்ளே கூப்பிட்டு நான் திட்டவில்லை. வெளியே இருந்தவர் என்ன கேட்டார் என்று கேட்டேன். “மணி கேட்டாரு.” நீ அவர் ஊருக்குப் போய் வங்காளியில் மணி கேட்க முடியுமா? யோசித்தான். வெளியே போய்த் தன் கைக்கடிகாரத்தை அவரிடம் நீட்டிக் காட்டிவிட்டு வந்தான். அவரிடம் ‘கோட்டா பாஜே’ என்று கற்றுக்கொண்டு வந்து எனக்குச் சொன்னான். வங்காளியில் மணி என்ன என்பது அது. ஒரு தரம் கேட்டதும் ஓசை பிசகாமல் வந்தது. அவன் காதைப் பற்றி முன்பே சொன்னேன்.

டீச்சரோடு

பள்ளியில் பேசியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டீச்சர் கெட்டவர் இல்லை. அவனுக்கு மேடையில் ஒரு வாய்ப்பு கொடுத்ததாகத்தான் நினைத்திருந்தார், கைதட்டல் கிடைத்தது என்று சந்தோஷமும் பட்டிருந்தார். நான் ஆடியோகிராமையும் சோதனைத் தாளையும் முன்னால் வைத்தேன். ழ, ள, ய விவரத்தைச் சொன்னேன். ‘பளம்’ விஷயத்தை என்னுடைய தவறாகவே சொன்னேன். அவர் தானாகவே வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பரில் 1979இல் வந்த தீர்ப்பைப் பற்றிச் சொன்னேன். கறுப்பினக் குழந்தைகளின் வீட்டுப் பேச்சைக் கற்றல் குறையாக எடுத்துக்கொண்ட பள்ளியிடம், முதலில் ஆசிரியர்கள் அந்தப் பேச்சைத் தெரிந்துகொள்ளட்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 1983இல் அங்குள்ள பேச்சு, மொழி, கேட்டல் வல்லுநர் சங்கமும் எந்த வட்டார வழக்கும் கோளாறு ஆகாது என்று தன் நிலைப்பாட்டை வெளியிட்டது. என் தொழிலின் அடிப்படை அது. டீச்சர் கேட்டுக்கொண்டார். ஆனால் அமெரிக்கா அவரைத் தொடவில்லை.

தொட்டது தொல்காப்பியம். அவர் தமிழ் படித்தவர். இயற்சொல், திரிசொல், வடசொல்லோடு, வட்டாரங்களில் வழங்கும் திசைச்சொல்லையும் தமிழ்ச் சொல் என்று கணக்கில் வைத்த இலக்கணம் நம்முடையது. தாயைத் ‘தள்ளை’ என்பார்கள் குட்ட நாட்டார், நாயை ‘ஞமலி’ என்பார்கள் பூழி நாட்டார் என்று உரைக்காரர்கள் ஊர் ஊராக எடுத்துக்காட்டு தருகிறார்கள், ஒருவரையும் கொச்சை என்று சொல்லவில்லை. “இதை நானே பாடம் நடத்தியிருக்கேன் மேடம்” என்றார். அப்புறம் அவராகவே டெல்லியில் தன் அக்கா வீட்டில் ஒருநாள் பார்த்த இந்தித் தொடரைப் பற்றிச் சொன்னார். அதில் நெற்றி நிறையப் பட்டையோடு ஒரு மதராசி வந்து வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ஐயோயோ’ என்பாராம். அக்காவின் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். “எனக்கு எழுந்து போயிடலாம்னு இருந்துச்சு” என்றார். 1968இல் ‘படோசன்’ படத்தில் மெஹ்மூத் போட்ட பாட்டு வாத்தியார் வேடம் இன்னும் அங்கே ஓய்ந்தபாடில்லை. பிப்ரவரி விழாவைப் பற்றி அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பள்ளி நிர்வாகம் வேறு. தாளில் எழுதிக் கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது என்றார்கள். பையனின் கோப்பில் அது இன்றைக்கும் இருக்கிறது. என் அறிக்கையை அதன் மேல் வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

செய்ததும் இப்போதைய நிலையும்

ழ பயிற்சி எதுவும் தரவில்லை. வகுப்பில் பேசுவதற்கு மட்டும் படிப்படியாக வேலை செய்தோம். முதலில் டீச்சரிடம் தனியாக ஒரு கேள்விக்குப் பதில், அடுத்து பக்கத்து நண்பனோடு சேர்ந்து வாசிப்பு, பிறகு மூன்று பேர் முன்னால். இதெல்லாம் எல்லா தெரபிஸ்ட்டும் செய்வதுதான்.

கொஞ்சம் வேறாகச் செய்தது ஒன்று. ஆயாவைக் கதை சொல்ல வைத்து அம்மாவின் போனில் பதிவு செய்யச் சொன்னேன். அவர் எடுத்துக்கொண்டது குடியாத்தம் கெங்கையம்மன் கதை. வைகாசி முதல் நாள் சிரசுத் திருவிழாவில் அம்மன் தலை ஊர்வலமாக வந்து உடலில் சேரும். பரசுராமன் தாயை வெட்டிய கதையிலிருந்து தொடங்கி அதைச் சொன்னார். “அம்மா ரேணுகா தேவி ஆத்துக்குப் போயி தண்ணி மொண்டுகினு வராங்க. மேல வானத்துல தேவருங்க போயிகினு கீறாங்க” என்று அவர் சொல்லும்போது குரலே மாறிவிடுகிறது. தெய்வத்துக்கும் ‘கீறாங்க’தான். பையன் அதை இருபது தரமாவது கேட்டிருப்பான் என்றார் அம்மா. செப்டம்பரில் டீச்சர் தமிழ் வகுப்பில் அந்தப் பதிவைப் போட்டார். யாரும் சிரிக்கவில்லையா என்று கேட்டேன். முதல் நிமிஷம் இரண்டு பேர் சிரித்தார்களாம், தலை உருண்ட இடத்தில் எல்லோரும் அடங்கிவிட்டார்களாம். கதை முடிந்ததும் ஒரு பையன், அது எங்க ஆயா சொல்ற கதை, அவங்களும் இப்டித்தான் சொல்வாங்க என்று கை தூக்கியிருக்கிறான்.

டிசம்பரில் மறுபரிசோதனை. வகுப்பில் கேள்வி கேட்டால் பதில் சொல்கிறான், வாசிக்கிறான். தானாகக் கை தூக்குவது இன்னும் குறைவு. வகுப்பில் ‘இருக்கு’, திண்ணையில் ‘கீது’ என்று பிரித்துப் பேசுகிறான். அது அவனுக்குச் சுலபம். இரண்டு விஷயம் எனக்குக் கவலை தருகிறது. அடுத்த ஆண்டு விழாவுக்கு ஒத்திகை தொடங்கும்போது என்ன நடக்கும் என்று தெரியாது. வீட்டில் அம்மா, ‘நல்லா பேசு’ என்று அவனை அவ்வப்போது திருத்தத் தொடங்கியிருக்கிறார். மகன் பட்டதை மறுபடி படக்கூடாது என்ற பயம் அவருக்கு. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அன்று உள்ளே நுழைந்தவனிடம் ஆயா எங்கே என்று கேட்டேன்.

“வெளிய குந்திகினு கீறாங்க” என்றான். உடனே அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். “உக்காந்துகிட்டு இருக்காங்க” என்றான்.

அம்மாவைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு ஆயாவை உள்ளே கூப்பிட்டேன். அடுத்த வருகையைப் பிப்ரவரி விழா முடிந்த மறு வாரத்துக்குக் குறித்திருக்கிறேன்.